டிவியில் வினோத சத்தமா? கம்ப்யூட்டரை வைத்தே காரணம் கண்டுபிடிக்கலாம்!

கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியவர்கள் முதலில் செய்ய ஆசைப்படும் வேலைகளில் ஒன்று, அதை வீட்டு டிவியோடு இணைப்பது. பெரிய திரையில் படம் பார்க்கலாம், பிள்ளைகள் பாடம் படிக்கலாம். ஆனால் இணைத்த மறுநிமிடமே 'உம்ம்...' என்று ஒரு சத்தம் வரும். அல்லது 'கீ...' என்று காதைத் துளைக்கும். சில வீடுகளில் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பிருந்தே டிவி 'டக் டக்' என்று முனகிக்கொண்டிருக்கும்.

உடனே நாம் என்ன செய்கிறோம்? டிவியின் தலையில் ஒரு தட்டு தட்டுகிறோம். அடங்கவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். 'போர்டு போய்விட்டது' என்றால் பணத்தை எடுத்துக் கொடுக்கிறோம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வீடுகளுக்குப் போய் கம்ப்யூட்டர் அமைத்துக் கொடுக்கும் வேலையில் நான் பார்த்த வரை, இப்படி வரும் சத்தங்களில் பாதிக்கு மேல் டிவிக்கு உள்ளே கோளாறே இருப்பதில்லை. ஒயர், எர்த், இன்வெர்ட்டர், செல்போன் என்று காரணம் வெளியே இருக்கும். மீதிச் சத்தங்களில் ஒன்றிரண்டு ஆபத்தானவை. எது எந்த வகை என்று பிரித்தறியக் கற்றுக்கொள்வதுதான் இந்தப் பாடம். ஸ்குரூ டிரைவர் தேவையில்லை. டிவியின் பின்மூடியை நாம் திறக்கப் போவதே இல்லை.

முதல் பாடம்: சத்தம் எங்கிருந்து வருகிறது?

டிவியின் சத்தத்தை ரிமோட்டில் 'மியூட்' செய்யுங்கள். வினோத சத்தமும் நின்றுவிட்டதா? அப்படியென்றால் அது ஸ்பீக்கர் வழியாக வருகிறது. கோளாறு ஆடியோ வரும் பாதையில் எங்கோ இருக்கிறது.

மியூட் செய்த பிறகும் சத்தம் தொடர்கிறதா? அப்படியென்றால் அது டிவியின் உடம்பிலிருந்து, அதாவது டிரான்ஸ்பார்மர், காயில், பிளாஸ்டிக் மூடி ஆகியவற்றிலிருந்து வருகிறது. (டிவியின் ஸ்பீக்கர் பகுதியிலேயே பழுது இருந்தால் மட்டும் மியூட் செய்தும் லேசான 'உம்' கேட்கலாம்.) இந்த ஒரு சோதனையே பாதி வேலையை முடித்துவிடும். மெக்கானிக்கிடம் பேசும்போதும் முதலில் இதைச் சொல்லுங்கள்.

டிவியின் உடம்பிலிருந்து வரும் சத்தங்கள்

1. 'கீ...' என்ற மெல்லிய விசில்: பழைய கண்ணாடி பிக்சர் டியூப் டிவி, அதாவது சி.ஆர்.டி. டிவி, இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தமிழக அரசு 2006 முதல் 2011 வரை வழங்கிய 14 அங்குல இலவச வண்ண டிவியும் இந்த வகைதான். நம் நாட்டில் பயன்பட்ட பால் முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். இரண்டையும் பெருக்குங்கள்: 15,625. நொடிக்கு இத்தனை முறை டியூபில் கோடு வரையப்படுகிறது. அந்த வேகத்தில் இயங்கும் டிரான்ஸ்பார்மர், மெக்கானிக்குகள் எல்.ஓ.டி. என்று சொல்வது, லேசாக அதிர்ந்து 15,625 ஹெர்ட்ஸில் விசில் அடிக்கும். வயது ஏற ஏற இவ்வளவு கீச்சான ஒலி காதில் விழாது. 'டிவி கத்துகிறது' என்று குழந்தை சொல்லும். தாத்தா 'ஒன்றும் கேட்கவில்லையே' என்பார். இருவர் சொல்வதும் உண்மை! மெல்லிய விசில் இயல்பானது. முன்பு இல்லாமல் திடீரென்று பலமாகக் கேட்டால் மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

2. சுவிட்ச் போட்டதும் 'டூம்ம்' என்று ஒரே ஒரு முறை: சி.ஆர்.டி. டியூபைச் சுற்றி ஒரு காயில் உண்டு. டியூபில் ஏறிய காந்தத்தன்மையை நீக்க, ஆன் செய்தவுடன் அதில் ஓரிரு நொடி மின்சாரம் பாயும். அந்தச் சத்தம்தான் இது. பழுதல்ல.

3. 'டக்', 'பட்' என்று எப்போதாவது: டிவி சூடாகும்போது பிளாஸ்டிக் விரிகிறது; அணைத்தபின் சுருங்குகிறது. அப்போது வரும் நெறிப்புச் சத்தம் இது. எல்.இ.டி. டிவியிலும் வரும். படத்தில் மாற்றம் இல்லை என்றால் கவலை வேண்டாம்.

4. 'டிக்... டிக்... டிக்' என்று சீராக, ஆனால் டிவி ஆன் ஆகாமல்: பவர் சப்ளை கிளம்ப முயன்று, முடியாமல் நின்று, மறுபடி முயல்கிறது. உள்ளே ஏதோ ஷார்ட் ஆகியிருக்கலாம். அல்லது கண்டென்சர் உப்பிப் போயிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். கண்டென்சர் மட்டும் போயிருந்தால் செலவு குறைவு. 'கண்டென்சர் பார்த்தீர்களா?' என்று நீங்களே கேளுங்கள்.

5. 'சடசட' என்ற பொரியும் சத்தம், கருகும் வாசனை: இதுதான் ஆபத்தானது. சி.ஆர்.டி. டியூபுக்கு 20,000 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் போகிறது. தூசியும் ஈரமும் சேர்ந்தால் அது தாவிப் பொறி பறக்கும். நம் மாவட்டத்தில் மரக்காணம் பக்கம் உப்பளங்களை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். உடனே மெயின் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். காரணம் தெரியும் வரை மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள்.

6. எல்.இ.டி. டிவியில் 'ங்ஙீ...' என்ற ரீங்காரம்: டிவி மெனுவில் 'பேக்லைட்' அளவைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். அதோடு சேர்ந்து சத்தமும் மாறினால், பேக்லைட்டுக்கு மின்சாரம் தரும் பகுதியின் காயில் அதிர்கிறது என்று அர்த்தம். பல டிவிகளில் பேக்லைட்டை மிக வேகமாக அணைத்து அணைத்துப் போட்டுத்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறார்கள். அதனால் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினால் சத்தம் அடங்கிவிடக்கூடும். வாரன்ட்டி இருந்தால் புகார் கொடுங்கள். இல்லையென்றால், படம் நன்றாக இருக்கும் வரை பொறுத்துக்கொள்ளலாம்.

7. குறிப்பிட்ட பாட்டுக்கு மட்டும் 'கொர்ர்': இது பொருள் அதிரும் சத்தம். டிவி ஸ்டாண்டு, சுவர் கிளாம்ப், மேலே வைத்த பொம்மை, பின்மூடி என்று ஒவ்வொன்றையும் கையால் அழுத்திப் பாருங்கள். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்திருந்தாலும் இப்படிக் கேட்கும். உள்ளே பல்லியும் எறும்பும் குடியேறிய டிவிகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தங்கள்

இங்கே ஒரே ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒரு ஒயரை மட்டும் எடுங்கள். எதை எடுத்ததும் சத்தம் நிற்கிறதோ, அந்த வழியாகத்தான் அது வருகிறது. ஒயரை எடுக்கும் முன்பும் மாட்டும் முன்பும் டிவி, கம்ப்யூட்டர், செட்டாப் பாக்ஸ் மூன்றின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மஞ்சள் ஒயர் இடம் மாறியதா? செட்டாப் பாக்ஸிலிருந்து டிவிக்கு வரும் மூன்று ஒயர்களில் மஞ்சள் படத்துக்கு. சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. மஞ்சளை வெள்ளை ஓட்டையில் மாட்டினால் படத்துக்கான சிக்னல் ஸ்பீக்கருக்குப் போகும். நொடிக்கு 50 என்ற கணக்கில் 'பர்ர்ர்' என்று பலமாக இரையும். காட்சி மாற மாற இரைச்சலும் மாறும். விழுப்புரத்தில் ஒரு வீட்டில் ஸ்பீக்கரை மாற்றச் சொல்லிப் பணமும் வாங்கிவிட்டார்கள். தேவைப்பட்டதோ ஒயரை இடம் மாற்றி மாட்டுவது மட்டும்தான்.

செல்போன் தொல்லையா? 'டடக் டடக் டடக்' என்று விட்டு விட்டு வந்தால், டிவி அருகில் செல்போன் இருக்கிறதா என்று பாருங்கள். 2ஜி முறையில் போன் நொடிக்கு சுமார் 217 முறை விட்டு விட்டு அலைகளை அனுப்பும். அது ஸ்பீக்கர் ஒயரில் பதிந்து ஒலியாகிறது. பட்டன் போன்களில் அதிகம். போனை ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். முடிந்தது!

கம்ப்யூட்டரின் மைக் கத்துகிறதா? 'கூ...' என்று ஊளை போல ஏறிக்கொண்டே போனால், லேப்டாப் மைக் பிடிக்கும் ஒலி டிவி ஸ்பீக்கருக்குப் போய், அதை மைக் மறுபடி பிடித்துச் சுற்றிக்கொண்டிருக்கிறது. விண்டோஸில் கன்ட்ரோல் பேனலைத் திறந்து 'சவுண்ட்' என்பதைக் கிளிக் செய்யுங்கள். 'ரெக்கார்டிங்' டேப்பில் மைக்ரோபோனை இரண்டு முறை கிளிக் செய்து, 'லிசன்' டேப்பில் உள்ள 'லிசன் டு திஸ் டிவைஸ்' என்ற டிக் குறியை எடுத்துவிடுங்கள்.

எச்.டி.எம்.ஐ. வழியில் 'கிறக் கிறக்' என்று உடைகிறதா? அதே சவுண்ட் விண்டோவில் 'பிளேபேக்' டேப்பில் உங்கள் டிவியின் பெயரை இரண்டு முறை கிளிக் செய்யுங்கள். 'அட்வான்ஸ்டு' டேப்பில் 16 பிட், 48000 ஹெர்ட்ஸ் என்பதைத் தேர்வு செய்து பாருங்கள். அப்படியும் போகவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். பிறகு ஆடியோ டிரைவரைப் புதுப்பியுங்கள்.

கரன்ட் போனால் மட்டும் இரைகிறதா? வீட்டு இன்வெர்ட்டர் 'ஸ்கொயர் வேவ்' வகையாக இருக்கும். மின்வாரியம் தரும் கரன்ட் அலை போல ஏறி இறங்கும். இந்த இன்வெர்ட்டர் தருவதோ படிக்கட்டு போல. ஃபேன் முனகுவதும் டிவி இரைவதும் இதனால்தான். அடுத்த முறை வாங்கும்போது 'சைன் வேவ்' என்று கேட்டு வாங்குங்கள். ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பும்போது இரைச்சல் மாறினாலும் கோளாறு டிவியில் இல்லை, ரெகுலேட்டரில்.

முக்கியப் பாடம்: 'உம்ம்' சத்தமும் எர்த்தும்

திண்டிவனத்தில் ஒரு வீடு. கல்லூரியில் சேர்ந்த மகனுக்காக டெஸ்க்டாப் வாங்கி, 32 அங்குல டிவியையே மானிட்டராக வைத்தார்கள். படத்துக்கு வி.ஜி.ஏ. கேபிள், ஒலிக்கு 3.5 மி.மீ. ஆடியோ ஒயர். ஆன் செய்ததும் 'உம்ம்' என்று விடாத சத்தம். ஸ்பீக்கர் என்றார் ஒருவர். சவுண்ட் கார்டு என்றார் இன்னொருவர். ஒவ்வொரு ஒயராக எடுத்துப் பார்த்தோம். கேபிள் டிவி ஒயரை எடுத்ததும் சத்தம் சுத்தமாக நின்றது!

காரணம் இதுதான். கம்ப்யூட்டரின் மூன்று முனை பிளக் அந்த வீட்டு எர்த்தில் இணைந்திருக்கிறது. கேபிள் டிவி ஒயரின் வெளிப்பின்னல் தெருவில் எங்கோ வேறு இடத்தில் பூமியைத் தொடுகிறது. இரண்டு எர்த்துக்கும் இடையே சிறிய மின்னழுத்த வேறுபாடு இருக்கும். அதனால் ஆடியோ ஒயரின் பின்னல் வழியாக 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் சுற்றுகிறது. அதைத்தான் 'உம்ம்' என்று கேட்கிறோம். இதற்குப் பெயர் 'கிரவுண்ட் லூப்'.

தீர்க்கும் வழிகள்:

- கம்ப்யூட்டர், டிவி, செட்டாப் பாக்ஸ் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டுங்கள்.
- ஆடியோ ஒயரின் நடுவே 'கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்' என்ற சின்னக் கருவியை மாட்டுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேளுங்கள்.
- கேபிள் ஒயர் இரும்புக் கம்பத்தையோ மாடிக் கம்பியையோ தொட்டுக்கொண்டிருந்தால் விலக்கித் தரும்படி கேபிள்காரரிடம் சொல்லுங்கள்.
- டிவியில் எச்.டி.எம்.ஐ. இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஒலி டிஜிட்டலாகப் போவதால் இந்த 'உம்' அதில் ஏறுவது அரிது.

லேப்டாப் என்றால் சோதனை இன்னும் சுலபம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். சத்தம் நின்றால் காரணம் சார்ஜர் வழியாக வரும் இணைப்புதான்.

கவனம்! 'மூன்றாவது முனையை வெட்டிவிடுங்கள், சத்தம் போய்விடும்' என்று யாராவது யோசனை சொல்வார்கள். சத்தம் போவது உண்மைதான். கூடவே உங்கள் பாதுகாப்பும் போய்விடும். கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் மின்னிரைச்சலை வடிகட்டும் சிறிய கண்டென்சர்கள் எர்த்தோடு இணைந்திருக்கும். எர்த் இல்லையென்றால் அவை கேபினட்டைச் சுமார் 115 வோல்ட்டில், அதாவது 230 வோல்ட்டில் பாதியில், நிறுத்திவிடும். கேபினட்டைத் தொட்டால் 'சுர்ர்' என்று கூசுவது இதனால்தான். அந்த மின்சாரம் மிகச் சிறியது. ஆனால் உள்ளே உண்மையிலேயே கசிவு ஏற்பட்டால் அதை வெளியேற்றும் வழி எர்த் ஒன்றுதான். அது இல்லாவிட்டால் நம் உடம்பு வழியாகப் போகும். தவிர, இந்த நிலையில் ஒயரை மாட்டினால் எச்.டி.எம்.ஐ. போர்ட் கருகிப் போகலாம். எல்லாப் பிளக்கையும் பிடுங்கிய பிறகே ஒயரை மாட்டுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

கம்ப்யூட்டர் வைக்கும் முன்பே எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்துவிடுங்கள். மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே சுமார் 230 வோல்ட் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்தான் இருக்கலாம். கோடையில் எர்த் குழி காய்ந்துவிட்டால் எர்த் பலவீனமாகும். அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் பொருத்திக்கொண்டால் கசிவு ஏற்பட்டவுடன் மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

கம்ப்யூட்டரே ஸ்டெதாஸ்கோப்!

காதால் பிரிக்க முடியவில்லையா? 'ஆடாசிட்டி' என்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு முதல் கிடைக்கும் இது, ஒலியைப் பதிவு செய்து அலசித் தரும். அதன் சொந்த இணைய தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள்.

1. லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டுங்கள். அதன் மைக் டிவியைப் பார்த்து இருக்கட்டும். ஃபேனை நிறுத்துங்கள்.
2. விண்டோஸ் சவுண்ட் பகுதியில் மைக்கின் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' வசதியை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் நாம் தேடும் இரைச்சலையே அது அழித்துவிடும்.
3. ஆடாசிட்டியில் சிவப்பு பட்டனை அழுத்தி 10 நொடி பதிவு செய்யுங்கள். பிறகு டிவியை அணைத்துவிட்டு இன்னொரு 10 நொடி.
4. முதல் பகுதியைத் தேர்வு செய்து, 'அனலைஸ்' மெனுவில் 'பிளாட் ஸ்பெக்ட்ரம்' கிளிக் செய்யுங்கள். 'சைஸ்' என்பதில் 16384 தேர்வு செய்யுங்கள்.
5. மலை முகடு போல உயர்ந்த இடத்தில் மவுசை வையுங்கள். அதன் ஹெர்ட்ஸ் அளவு தெரியும். இரண்டாம் பகுதிக்கும் இதே போல் செய்து ஒப்பிடுங்கள்.

முதல் பகுதியில் மட்டும் இருக்கும் முகடுதான் டிவியின் சத்தம். இரண்டிலும் இருந்தால் அது அறையில் உள்ள வேறு ஏதோ ஒன்று.

50, 150 ஹெர்ட்ஸ் என்றால் பெரும்பாலும் கிரவுண்ட் லூப் அல்லது ஒயர். 100 ஹெர்ட்ஸ் பலமாக இருந்தால் பவர் சப்ளையின் வடிகட்டும் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம், ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக மாற்றும்போது 50 இரட்டிப்பாகிறது. சுமார் 217 என்றால் செல்போன். 15,625 அருகே என்றால் சி.ஆர்.டி. விசில். லேப்டாப்பின் சின்ன மைக் 50 ஹெர்ட்ஸைச் சரியாகப் பிடிக்காது. அதனால் 150, 250 ஆகிய முகடுகளையும் பாருங்கள்.

பதிவை சேமித்து வைத்து மெக்கானிக்கிடம் போட்டுக் காட்டுங்கள். அவர் வரும் நேரம் பார்த்து டிவி சமர்த்தாக இருந்துவிடும் தொல்லை இனி இல்லை!

மழைக்காலப் பாடம்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 செ.மீ. மழை பதிவானது. அந்த மழைக்குப் பின் பல வீடுகளில் டிவியும் கம்ப்யூட்டரும் நனைந்து கிடந்தன. 'வேலை செய்கிறதா என்று ஒரு முறை போட்டுப் பார்ப்போம்' என்று தோன்றும். போடாதீர்கள். பல நனைந்த செட்டுகள் தண்ணீரால் மட்டும் கெடுவதில்லை. ஈரத்தோடு சுவிட்ச் போடுவதாலும் கெடுகின்றன. வெள்ளநீரில் நனைந்த செட்டை மெக்கானிக் திறந்து, சேற்றைக் கழுவி, முழுவதும் காயவைத்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். சுவர் ஈரமாக இருந்தால் பிளக் பாயின்ட்டையும் சோதிக்க வேண்டும்.

இடி மின்னலின்போது பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. கேபிள் அல்லது டிஷ் ஒயர் வழியாகவும் மின்னல் வரும். எனவே மேகம் கறுத்ததுமே, இடிக்கு முன்பாகவே, இரண்டையும் கழற்றிவிடுங்கள். தலைக்கு மேல் மின்னும்போது போய் ஒயரைத் தொடாதீர்கள்.

டிவி இரையும்போது வீட்டு விளக்குகளும் கூடிக் குறைந்தால் நியூட்ரல் ஒயர் லூசாக இருக்கலாம். வோல்டேஜ் எகிறி எல்லாப் பொருளும் எரிந்துவிடும். மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். 'மின்னகம்' புகார் எண் 94987 94987.

செய்யக்கூடாதவை

- டிவியைத் தட்டாதீர்கள். விரிசல் விட்ட சால்டரிங் தற்காலிகமாக ஒட்டும். பிறகு பெரிதாக விரியும்.
- பின்மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சி.ஆர்.டி. டியூப் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கும். எல்.இ.டி. டிவியின் பவர் போர்டு கண்டென்சரிலும் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும்.
- மூடித் துவாரங்களைத் துணியால் மூடாதீர்கள். தூசிக்காகப் போர்த்தும் உறையை டிவியை அணைத்துச் சூடு ஆறிய பிறகே போடுங்கள்.
- பழைய சி.ஆர்.டி. டிவியை உடைத்துக் குப்பையில் போடாதீர்கள். டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. பதிவு பெற்ற மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

பயிற்சி

இன்று மாலை உங்கள் டிவியில் இதைச் செய்து பாருங்கள். ஒரு நோட்டில் ஐந்து கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். மியூட் செய்தால் நிற்கிறதா? எந்த ஒயரை எடுத்தால் நிற்கிறது? எந்த நேரத்தில் வருகிறது? படம் மாறுகிறதா, வாசனை வருகிறதா? ஆடாசிட்டி எத்தனை ஹெர்ட்ஸ் காட்டுகிறது? டிவி நன்றாக இருக்கும்போதே ஒரு பதிவு எடுத்து வைத்துக்கொண்டால், நாளை சத்தம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க உதவும். இந்த ஐந்துக்கும் பதில் எழுதிய தாளோடு போனால், எந்த மெக்கானிக்கும் உங்களிடம் 'போர்டு போய்விட்டது' என்று சும்மா சொல்லிவிட முடியாது.